அம்மாவின் கைவலியும் மாநாட்டுக் கேடயமும்

எங்கள் அலுவலகத்தில் வருடத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு பெரிய ஓட்டலில் கருத்தரங்கு நடக்கும். வாசலில் ஒரு மேசை போட்டிருப்பார்கள். அதன் மேல் ஃபிளாஸ்க், காகிதக் கோப்பைகள், பிளாஸ்டிக் தாள் போர்த்திய பிஸ்கட் தட்டு. பக்கத்தில் நிற்கிற பெண் சிரித்துக்கொண்டே, "காப்பி வேணுமா சார்?" என்று கேட்பாள். வந்தவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். அவள் அடுத்தவரைப் பார்த்துச் சிரிப்பாள். எனக்குக் கை பரபரக்கும். கொஞ்சம் தள்ளி நில்லம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லத் தோன்றும். அதே தப்பை நான் பத்து வயதில் செய்து, அதற்காக அம்மாவிடம் நடு மண்டையில் ஒரு கொட்டும் வாங்கியிருக்கிறேன்.

அப்போது நாங்கள் சங்கரன்கோவிலில் இருந்தோம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு மோட்டார் சைக்கிள் உதிரி பாகக் கடை. கடைக்குப் பின்னால் வீடு, கடைக்கு மேலே நீளமாக ஓர் அறை. அந்த அறையில்தான் ஊரின் சேவை கிளப் மாதாமாதம் இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் கூடும். அப்பா அதற்குச் செயலாளர். வியாபாரிகள், ஒரு வக்கீல், ஒரு டாக்டர், புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடை வைத்திருந்த ஒருவர் என்று முப்பது பேருக்கு மேல் இருப்பார்கள். அத்தனை பேரும் ஆண்கள். சட்டையில் கிளப்பின் பித்தளை வில்லையைக் குத்திக்கொண்டு வந்து, மேசை மணியை அடித்துக் கூட்டத்தைத் தொடங்குவார்கள். மணிச் சத்தம் கேட்டதும் கீழே அம்மா எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றுவாள்.

உளுந்தவடை ஒரு மாதம், வாழைக்காய் பஜ்ஜி ஒரு மாதம், வெல்லப் பூரணம் வைத்துப் பொரித்த சுசியம் ஒரு மாதம். தட்டுகள் மேலே போகும். காலியாகித் திரும்பி வரும். கடைசியில் நன்றியுரை. மைக் செட்காரருக்கு நன்றி சொல்வார்கள், நாற்காலி கொடுத்தவருக்கு நன்றி சொல்வார்கள், ஒரு தடவை மழை பெய்யாமல் இருந்ததற்காக வருண பகவானுக்கே நன்றி சொன்னார்கள். அம்மா மாடிப்படியின் நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஆறு வருடத்தில் அவளுக்கு ஒரு நன்றி வந்ததில்லை.

நன்றி வராததுகூட அவளுக்குப் பெரிதாக இல்லை. அவளுடைய வருத்தம் வேறு. என் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவு கிடையாது. இரண்டு இரண்டு பேராகப் போவோம். ஒருத்தி பாவாடையை விரித்துப் பிடித்து மறைத்துக்கொண்டு நிற்பாள். எனக்கு அது பிடிக்காது. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு, சாயங்காலம் பையை நடையில் எறிந்துவிட்டு ஓடுவேன். இரண்டு தடவை காய்ச்சல் வந்தது. கதவு போட்டுக் கொடுக்கச் சொல்லி அம்மா அப்பாவிடம் சொன்னாள்; அப்பா கூட்டத்தில் சொன்னார்; பரிசீலிப்போம் என்றார்கள். அந்த வருடம் கிளப் ஊருக்குச் செய்த சேவை, ஊருக்குள் வரும் சாலைகளில் எல்லாம் நட்ட வரவேற்புப் பலகைகள். பலகையில் நல்வரவு சின்னதாகவும் தலைவர் பெயர் பெரிதாகவும் இருந்தன.

"நாம அந்தக் கூட்டத்துல உக்காந்து பேசுனாத்தான் கதவு வரும்" என்று அம்மா ஒரு நாள் சட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். என்னிடம் சொன்னாளா, சட்டியிடம் சொன்னாளா தெரியாது.

கிளப்பின் மாதப் பத்திரிகை தபாலில் அப்பா பெயருக்கு வரும். அப்பா உறையைக்கூடப் பிரிக்க மாட்டார். அம்மா அட்டை முதல் அட்டை வரை படிப்பாள். அதில்தான் மற்ற ஊர்களில் பெண்களும் உறுப்பினர்களாக இருப்பதை, படத்தோடு பார்த்தாள். அடுத்த கூட்டத்தன்று வடைத் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு மேலே போனாள். நான் சட்னி வாளியோடு பின்னால் போனேன்.

"அண்ணாச்சி, மத்த ஊர்ல எல்லாம் பொம்பளைகளும் மெம்பரா இருக்காக. நம்ம ஊர்ல மட்டும் ஏன் சேக்க மாட்டேங்குதீக?"

தலைவருக்கு ஜவுளிக்கடை. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. ஆனால் பெண்களிடம் பேசும்போது சேலையை விரித்துப் போடுகிற சிரிப்பு ஒன்று அவருக்குத் தானாக வந்துவிடும்.

"நீங்களும் மெம்பராயிட்டா இந்த வடைய யாரு சுடுவா தங்கச்சி?" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. தட்டையும் கீழே வைக்கவில்லை. வடை வராமல் இருக்கவே சிரிப்பு மெல்ல அடங்கியது. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, ஒண்ணு செய்வோம். வரப்போற மாவட்ட மாநாட்டுல நம்ம ரூமுக்குக் கேடயம் வாங்கிக் குடுங்க. அன்னைக்கே ஃபாரத்த உங்க கையில தாரேன்" என்றார்.

"எல்லாரும் கேட்டுக்கிட்டீகள்லா?" என்று அம்மா ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம், "நீங்க செக்ரட்டரி. நோட்டுல எழுதிக்கிடுங்க" என்றாள். அப்பா குனிந்து எதையோ எழுதினார். அதற்குப் பிறகுதான் தட்டு மேசைக்கு வந்தது.

தலைவர் தைரியமாக வாக்குக் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. மாவட்ட மாநாடு அந்த வருடம் முதல் தடவையாக எங்கள் ஊருக்கு வந்தது. பெரிய கல்யாண மண்டபம் ஒன்றில் ஒரு பகல் முழுக்க நடக்கும். மாநாட்டில் ஒவ்வொரு ஊர் கிளப்புக்கும் ஓர் அறை ஒதுக்குவார்கள். ஹாஸ்பிடாலிட்டி ரூம் என்று பெயர். மேடைப் பேச்சைத் தாங்க முடியாதவர்கள் எழுந்து அறை அறையாகப் போவார்கள். அறைக்காரர்கள் அவர்களை உட்காரவைத்து, குடிக்கவும் கொறிக்கவும் கொடுத்து, போகும்போது ஒரு நோட்டில் கையெழுத்து வாங்குவார்கள். எந்த அறையின் நோட்டில் வெளியூர் உறுப்பினர்களின் கையெழுத்து அதிகமோ, அந்த கிளப்புக்குச் சாயங்காலம் கேடயம். பெரிய ஊர்க்காரர்கள் இதற்கென்றே சமையல் ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். எங்கள் ஊர் அதுவரை எந்த மாநாட்டிலும் கேடயத்தைத் தூரத்திலிருந்துதான் பார்த்திருந்தது.

போதாக்குறைக்கு, மாநாட்டை நடத்துகிறவர்கள் நாங்கள். வந்தவர்களுக்கு நல்ல அறைகளைக் கொடுத்துவிட்டு நாம் இருப்பதை எடுத்துக்கொள்வதுதானே மரியாதை? மணமகள் அறை, மணமகன் அறை, கீழே இருந்த அறைகள் எல்லாம் வெளியூர்க்காரர்களுக்குப் போயின. எங்களுக்கு வாய்த்தது மாடியில் கடைசி அறை. கல்யாண வீட்டார் படுக்கிற மெத்தைகளையும் தலையணைகளையும் அடுக்கி வைக்கிற அறை. அதற்கு வெளியே அடுப்பு வைக்கக் கொஞ்சம் மொட்டை மாடி இருந்தது. அதை அம்மா முந்தின நாளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"சுசியம், இஞ்சி போட்ட எலுமிச்சை ஜூஸ், சுக்குக் காப்பி. மூணு போதும்" என்றாள். "ஒண்ணு கொதிக்கக் கொதிக்க இருக்கணும், இல்லன்னா சில்லுன்னு இருக்கணும். வெதுவெதுன்னு ஒண்ணு அந்த ரூம விட்டு வெளிய போகக் கூடாது."

திருவேங்கடத்திலிருந்து சித்தி முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கமிஷன் கடைக்காரர் ஒரு கூடை எலுமிச்சம்பழம் அனுப்பியிருந்தார். மற்ற உறுப்பினர்களின் வீட்டுப் பெண்கள் பட்டுச்சேலையில் வந்து, அறையை எட்டிப் பார்த்து, "அய்யோ, எவ்வளவு வேலை!" என்று சொல்லிவிட்டு மின்விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டார்கள். அம்மா மெத்தைகளை எல்லாம் ஓர் ஓரமாக அடுக்கி, மேலே வெள்ளை வேட்டி விரித்து அதையே சோபாவாக ஆக்கினாள். ஒரு துணிப்பையை ஆணியில் மாட்டினாள். உள்ளே என்ன என்று எட்டிப் பார்த்தேன். அவளுடைய கல்யாணநாள் பட்டுச்சேலை.

சித்திக்கு எண்ணெய்ச் சட்டி, அம்மாவுக்கு ஜூஸும் காப்பியும், எனக்கு நோட்டுப் புத்தகம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் தேதியும் தலைப்பும் எழுதி, அறை வாசலில் பேனாவோடு நின்றேன். அந்தக் கேடயத்தை வாங்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று கோமதி அம்மன் மேல் ஆணையிட்டிருந்தேன். கதவு எனக்குத்தானே வேண்டும்.

ஏதோ ஓர் அறையைத் தேடிக்கொண்டோ, காற்று வாங்கவோ எப்போதாவது ஒருவர் எங்கள் பக்கம் வருவார். நான் ஓடிப்போய், "மாமா, காப்பி வேணுமா? ஜூஸ் வேணுமா? சுசியம் வேணுமா?" என்று கேட்பேன். "வேண்டாம்மா, இப்பத்தான் சாப்பிட்டேன்" என்பார் அவர். "சரி மாமா" என்று நான் வழிவிடுவேன். எவ்வளவு மரியாதையான பிள்ளை நான்! பதினோரு மணிக்கு நோட்டில் நான்கு கையெழுத்து இருந்தது. கீழே பெரிய ஊர்க்காரர்களின் அறையில் ஐஸ்கிரீம் வாங்க வரிசை நின்றது.

அம்மா வந்து நோட்டைப் பார்த்தாள். அடுத்து வந்த ஒருவரிடம் நான் கேட்பதையும் நின்று கேட்டாள். அவர் போனதும்தான் கொட்டு விழுந்தது.

"ஏட்டி, வந்த மனுசன்ட்ட வேணுமான்னு கேட்டா வேணும்னா சொல்லுவாரு? அவருக்கு வெக்கம் இருக்காதா? கேக்கவே கூடாது. கையில குடுத்திரணும். கைக்கு வந்தத யாரும் திருப்பித் தர மாட்டாக."

எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்குத்தான் தெரியாமல் இருந்தது. முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது வேண்டாம் கூச்சத்துக்கு. மூன்றாவது வேண்டாம் வருவதற்குள் டம்ளரைக் கையில் திணித்துவிட வேண்டும். அதை அன்றைக்கு மண்டையில் வலி இருக்கும்போதே கற்றுக்கொண்டேன்.

ஆனால் கையில் கொடுப்பதற்குக் கை வேண்டுமே. மாடிக்கு ஆளே வரவில்லை. ஒரு தாம்பாளத்தில் பன்னிரண்டு டம்ளர் ஜூஸை அடுக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். அரங்கத்துக்குள் தட்டோடு விட மாட்டேன் என்று வாசலில் நின்றவர் மறித்துவிட்டார். திரும்பிப் போக மனம் வரவில்லை. நேரே வெளியே வந்தேன். மண்டபத்துக்கு எதிரே வெட்டவெளியில் வேன்களும் கார்களும் நின்றன. அவற்றின் நிழலில் ஓட்டுநர்கள் உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்து அவர்களுக்கு யாரும் எதுவும் கொடுத்திருக்கவில்லை. அறைகள் எல்லாம் சட்டையில் வில்லை குத்தியவர்களுக்குத்தான்.

நான் எதையும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று கொட்டு வாங்கியிருந்தேனே! டம்ளர் தீரும் வரை ஒவ்வொருவர் கையிலும் ஒன்றை வைத்தேன். கோவில்பட்டி வேன் ஓட்டி வந்த வயதானவர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு குடிக்காமல் என்னைப் பார்த்தார்.

"எங்களுக்காம்மா?"

"ஆமா. மேல வாங்க, சுசியம் இருக்கு. ஒரு கையெழுத்து மட்டும் போடணும்."

இருபது பேருக்கு மேல் என் பின்னால் வரிசையாக மாடியேறினார்கள். அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெள்ளை வேட்டி விரித்த மெத்தையில் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார்கள். சட்டியிலிருந்து எடுத்த சுசியத்தை அம்மா இலையில் வைத்து அவர்கள் கையில் கொடுத்தாள். யார் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் நோட்டை நீட்டி மளமளவென்று கையெழுத்து வாங்கினேன்.

கிளப்காரர் ஒருவர், பாத்திரக்கடை வைத்திருந்தவர், பதறிக்கொண்டு வந்தார். "என்ன தங்கச்சி, டிரைவர்மாரை எல்லாம் உள்ள விட்டிருக்கீக? வர்ற மெம்பர்மாரு என்ன நெனைப்பாக?"

அம்மா அவருடைய காலைப் பார்த்தாள். "அவுக செருப்ப வெளிய விட்டுட்டு வந்திருக்காக அண்ணாச்சி. நீங்க பூட்ஸோட நிக்கீக" என்றாள். அவர் இரண்டடி பின்னால் போய் நின்றார். அவர் கையிலும் ஓர் இலை வந்துவிட்டது.

அந்தச் செருப்புகள்தான் எங்களைக் காப்பாற்றின. ஓர் அறைக்கு முன்னால் இருபது ஜோடிச் செருப்பு கிடந்தால் எங்கள் ஊர்ப்பக்கத்து ஜனங்களுக்குக் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். உள்ளே என்னமோ நடக்கிறது என்று ஒருவர் எட்டிப் பார்த்தார்; அவருக்குப் பின்னால் இரண்டு பேர். கீழே இறங்கிப் போன ஓட்டுநர்களும் சும்மா இருக்கவில்லை. அவரவர் முதலாளிகளிடம் போய், மாடியில் கடைசி அறைக்குப் போங்கள், சுசியம் சட்டியிலிருந்து நேரே கைக்கு வருகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு ஆரம்பித்ததும் மாடிப்படியில் ஆள் வரத் தொடங்கியது. பிறகு ஓயவே இல்லை. ஐஸ்கிரீம் அதற்குள் தண்ணீராகியிருந்தது.

இரண்டு மணிக்கு எலுமிச்சை பிழிய ஆள் இல்லை. அம்மா என்னிடம், "போய் உங்கப்பாவ வரச் சொல்லு" என்றாள். அப்பா மேடையில் மாலையும் வில்லையுமாக உட்கார்ந்திருந்தார். நான் கீழே நின்று கையைக் காட்டினேன். யாரோ பேசிக்கொண்டிருந்தபோதே அவர் எழுந்து வந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு பழத்தைப் பிழிய உட்கார்ந்தார். சாயங்காலம் வரை மேடையில் செயலாளர் நாற்காலி காலியாகவே கிடந்தது.

ஐந்து மணிக்குக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் நோட்டைப் பார்க்க வந்தார். மாவட்டக் குழுவில் இருப்பவர், சட்டையில் குத்துகிற வில்லையைச் சேலையில் குத்தியிருந்தார். சிவப்புப் பேனாவை எடுத்து ஓட்டுநர்களின் வரிகளை ஒவ்வொன்றாக அடித்தார்.

"அவங்களும்தான் குடிச்சாங்க" என்று நான் அழுதேன்.

"ரூல் அப்படி பாப்பா" என்றார் அவர். நான் நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சித்திதான் என் விரல்களைப் பிரித்து எடுத்துக் கொடுத்தாள். அடித்தது போக மிச்சம் இருந்ததை அந்த அம்மாள் இரண்டு தடவை எண்ணினார். கையில் இருந்த சுசியத்தின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு போனார்.

ஒலிபெருக்கியில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னபோது நான் மெத்தை மேல் ஏறிக் குதித்தேன். சித்தி கரண்டியால் சட்டியைத் தட்டினாள். அம்மா மட்டும் அவசர அவசரமாகக் கை கழுவினாள். கதவைச் சாத்திக்கொண்டு, பையில் இருந்த பட்டுச்சேலையை உடுத்தி, முகத்தைத் துடைத்து, நெற்றிக்கு வைத்துக்கொண்டாள். மேடைக்குக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தாள். மெத்தையின் ஓரத்தில், சேலை கசங்காமல், கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கீழே தலைவர் கேடயம் வாங்கியதும், கைதட்டலும், நன்றியுரையும் தெளிவாகக் கேட்டன. மைக் செட்காரருக்கு நன்றி சொன்னார்கள். பிறகு தேசிய கீதம். அம்மா எழுந்து நின்றாள். முடிந்ததும் பட்டுச்சேலையை மாற்றிவிட்டுப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள்.

அடுத்த கூட்டத்தில் அம்மா ஒரே ஒரு முறை கேட்டாள். தலைவர் தலையைச் சொறிந்தார். "குடுக்க மாட்டேன்னு சொல்லலியே தங்கச்சி. செயற்குழுவுல வைக்கணும், பெரியவுக நாலு பேரைக் கலந்துக்கிடணும். அடுத்த வருசம் பாப்போம்" என்றார். அம்மா, "சரி அண்ணாச்சி" என்று சொல்லி அவருக்கு இன்னொரு பஜ்ஜி வைத்தாள். எனக்கு அம்மா மேல்தான் கோபம் வந்தது. அவ்வளவுதானா? இதற்கா நான் கொட்டு வாங்கினேன்? இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அதற்கடுத்த மாதம், இரண்டாவது சனிக்கிழமை மத்தியானம், அம்மாவுக்கு வலது கை வலிக்க ஆரம்பித்தது.

சாதாரண வலி இல்லை. கரண்டியைப் பிடிக்க முடியவில்லை, மாவைத் தொட முடியவில்லை. அப்பா நல்லெண்ணெய் தடவி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெள்ளைத் துணியால் கட்டிவிட்டார். அன்றைக்குக் கூட்டத்துக்கு பேக்கரியிலிருந்து பன்னும் பிஸ்கட்டும் போயின. எனக்குப் பயமாகிவிட்டது. இரண்டு நாள் பேசாமல் இருந்ததால்தான் இப்படி ஆகிவிட்டது என்று நினைத்தேன். கோயிலுக்கு ஓடிப்போய்ப் புற்றுமண் வாங்கிவந்தேன். எங்கள் ஊரில் உடம்புக்கு எது வந்தாலும் முதல் மருந்து அதுதான். தண்ணீரில் குழைத்து அம்மாவின் கையில் பூசினேன். அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு கையை வாகாக நீட்டிக் கொடுத்தாள்.

மண்ணுக்கு நல்ல பலன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா கட்டை அவிழ்த்துவிட்டுத் தேங்காய் துருவினாள். மாதம் முழுக்கத் துணி பிழிந்தாள், மாவு பிசைந்தாள், ஒரு தடவை என் காதையும் திருகினாள். எல்லாம் வலது கையால்தான். ஆனால் அடுத்த இரண்டாவது சனிக்கிழமை மத்தியானம் வலி திரும்ப வந்துவிட்டது. விட்டு விட்டு வருகிற வலி என்று நான் தெரிந்துகொண்டேன். மறுபடியும் ஓடினேன்.

கிளப்பின் டாக்டர் கீழே வந்து பார்த்தார். கையை அங்கே இங்கே அழுத்தினார்.

"இங்கன தொட்டா அங்கன வலிக்கு டாக்டர்" என்றாள் அம்மா.

டாக்டர் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். "அடுப்புச் சூடு ஆகவே ஆகாது. முக்கியமா எண்ணெய்ச் சட்டி ஆகாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, மேலே போய் எல்லோரிடமும் அதையே சொன்னார்.

முதல் மாதம் பன்னைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்கள். இரண்டாவது மாதம் பாதிப் பேருக்குக் கடையில் வேலை வந்துவிட்டது. மூன்றாவது மாதம் மணியடிக்கத் தலைவர் காத்திருந்து காத்திருந்து, ஏழு பேரை வைத்துக்கொண்டு கூட்டத்தை நடத்தினார். அன்றைக்கும் அப்பா, முந்தின இரண்டு மாதமும் செய்ததுபோல, பழைய நோட்டிலிருந்து ஏதோ ஒரு தீர்மானத்தை எழுந்து நின்று நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா கொல்லையில் ஈரப் போர்வையை இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். வாசலில் தலைவரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அப்பா செய்தித்தாளைப் போட்டுவிட்டுப் பாய்ந்து எழுந்தார். ஆணியில் தொங்கிய கட்டுத்துணியை எடுத்து, அம்மாவுக்கு எதிரே நின்று மடமடவென்று சுற்றிக் கட்டினார். எதிரே நின்று கட்டியதில் அது இடது கையாகிவிட்டது.

"அப்பா, வலிக்கிற கை அது இல்ல..." என்று நான் ஆரம்பித்தேன். அதற்குள் தலைவர் உள்ளே வந்துவிட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். கட்டுப் போடாத கையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"மூணு மாசமா உங்க வீட்டுக்காரரு அந்தக் கேடயத் தீர்மானத்தையே வாசிக்காரு தங்கச்சி" என்றார். "சரி. மெம்பரா சேருதீகளா?"

"எனக்கு எதுக்கு அண்ணாச்சி? வேண்டாம்" என்றாள் அம்மா.

எனக்கு உயிரே போய்விட்டது. அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"அப்படிச் சொல்லப்படாது. நாங்க எல்லாரும் சேந்துதான் கேக்கோம்."

"இல்ல அண்ணாச்சி, இருக்கட்டும்."

தலைவர் பெருமூச்சு விட்டார். சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். இரண்டையும், மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல், அம்மாவின் வலது கையில் வைத்தார். அம்மா ஜன்னல் திண்டில் தாளை விரித்து, ஒவ்வொரு கேள்வியையும் படித்து, நிதானமாக நிரப்பிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு உள்ளே போய், அவருக்கு ஒரு டம்ளர் சுக்குக் காப்பி கொண்டுவந்தாள். கொதிக்கக் கொதிக்க இருந்தது.

அடுத்த மாதக் கூட்டத்தில் அவள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அன்றைக்கும் பன்தான். அதைத் தின்றுகொண்டே கழிப்பறைக் கதவைப் பற்றிப் பேசினாளாம். முழுப் பரீட்சைக்கு முன்னால் கதவு வந்துவிட்டது. நீலச் சாயம், உள்ளே இரும்புத் தாழ்ப்பாள். வெளிப்பக்கம் கிளப்பின் பெயரும் தலைவர் பெயரும் எழுதியிருந்தார்கள். உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, மணி அடிக்கும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது பிறகு நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு மனம் முழுக்க அம்மாவின் கைதான். மூன்று மாதம் வலது கையில் இருந்த வலி, கையெழுத்துப் போடுகிற நேரம் பார்த்து இடது கைக்குப் போயிருக்கிறது. கோமதி அம்மன் வந்து மாற்றி வைக்காமல் இது எப்படி நடக்கும்? தலைவரின் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும் முன் கோயிலுக்கு ஓடினேன். வழியில் பார்த்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டே ஓடினேன். புற்றுமண்ணோடு மூச்சிரைக்க வந்து, குழைத்து, அம்மாவின் இடது கையில் கனமாகப் பூசினேன். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு கையை நீட்டியிருந்தாள். அப்பா செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாள் குலுங்கிக்கொண்டே இருந்தது. அம்மா இத்தனை நாள் பட்ட வேதனையை நினைத்துத்தான் அழுகிறார் என்று எனக்குப் பாவமாகிவிட்டது. மிச்சம் இருந்த மண்ணை அவர் நெற்றியிலும் கொஞ்சம் பூசிவிட்டேன்.